60 வேண்டுமா, 51 போதுமா? அமெரிக்க செனட்டின் தீராத வழக்கு

2025 நவம்பர் 8, சனிக்கிழமை. டல்லாஸ் விமான நிலையத்திலிருந்து அக்கா மகன் கூப்பிட்டான். அறிவிப்புப் பலகையில் ஒவ்வொரு விமானமாக ‘ரத்து’ ஆகிக்கொண்டிருந்ததாம். விமானப் போக்குவரத்தைக் கட்டுப்படுத்தும் ஊழியர்களுக்கு ஒரு மாதமாகச் சம்பளம் இல்லை, பலர் வேலைக்கு வரவில்லை. 40 பெரிய விமான நிலையங்களில் விமானங்களைக் குறைக்கச் சொல்லி முந்தைய நாளே உத்தரவு அமலாகியிருந்தது. அவனுக்கு ஒரே கேள்விதான். “அதிபர் அவங்க ஆளு, பிரதிநிதிகள் சபை அவங்க கையில, செனட்டும் அவங்க கையில. அப்புறம் எப்படி மாமா கவர்மென்ட் ஒரு மாசத்துக்கு மேல மூடிக் கிடக்கு?”

நியாயமான கேள்வி. செனட்டில் குடியரசுக் கட்சிக்கு 53 இடங்கள் இருந்தன. அரசு இயங்கப் பணம் ஒதுக்கும் செலவு மசோதா நகர 60 வேண்டும். மறுநாள் இரவு எதிர்த்தரப்பிலிருந்து 8 பேர் இந்தப் பக்கம் வந்து, சொந்தக் கட்சியில் ஒருவர் எதிர்த்து, கணக்கு 60-க்கு 40 என்று சரியாக விளிம்பில் வந்து நின்ற பிறகுதான் பூட்டு அசைந்தது. அமெரிக்க வரலாற்றில் அதுவரை நடந்ததிலேயே நீளமான அந்த அரசு முடக்கம் 43 நாள் நீடித்தது. நடுவில் அதிபர் டிரம்ப், “ஃபிலிபஸ்டரைத் தூக்கி எறியுங்கள், 51-இல் முடித்துவிடலாம்” என்று தன் கட்சிக்காரர்களிடம் திரும்பத் திரும்பச் சொன்னார். ஃபிலிபஸ்டர் என்பது பேச்சை முடிக்க விடாமல் இழுத்தே மசோதாவைத் தடுக்கும் செனட் வழக்கம். செனட்டின் பெரும்பான்மைத் தலைவர் ஜான் தூன் அசையவில்லை. டிரம்ப் சொல்லி அவர் கட்சி கேட்காத விஷயங்கள் ரொம்பக் குறைவு. அதில் இது ஒன்று.

100 பேர் உட்காரும் அவையில் பாதிக்கு மேல் என்றால் 51. இந்த 60 எங்கிருந்து வந்தது?

அரசமைப்புச் சட்டத்தில் தேடினால் கிடைக்காது. பதவிநீக்கத் தீர்ப்பு, வெளிநாட்டு ஒப்பந்தம், அதிபரின் மறுப்பாணையை மீறுவது என்று சில இடங்களில் மூன்றில் இரண்டு பங்கு வேண்டும் என்று அதுவே எண்ணி எண்ணிச் சொல்கிறது. சாதாரணச் சட்டத்துக்கு அப்படி எதுவும் சொல்லவில்லை. நடந்தது என்னவென்றால், விவாதத்தை முடித்து வாக்கெடுப்புக்குப் போகலாம் என்று கோரும் ஒரு தீர்மானம் செனட் விதிகளில் இருந்தது. அதை யாரும் பெரிதாகப் பயன்படுத்துவதில்லை என்று துணை அதிபர் ஏரன் பர் 1805-இல் சொல்லிவிட்டுப் போக, 1806-இல் விதிகளைச் சுத்தம் செய்தபோது அதையும் எடுத்துப் போட்டுவிட்டார்கள். பரண் சுத்தம் செய்யும்போது அவசரத்துக்கு உதவும் ஏணியையும் பழைய இரும்புக்குப் போட்ட மாதிரி. பிரதிநிதிகள் சபை அதே ஏணியை வைத்துக்கொண்டது. அங்கே இன்றைக்கும் பெரும்பான்மை நினைத்தால் பேச்சு நின்றுவிடும். செனட்டில் பேசுகிறவர் வாயை மூட வழியில்லை என்பது ஒரு தலைமுறை கழித்துத்தான் எல்லோருக்கும் உறைத்தது.

ஃபிலிபஸ்டர் என்ற சொல்லே கடற்கொள்ளைக்காரனுக்கு ஐரோப்பிய மொழிகளில் இருந்த பெயரிலிருந்து வந்தது. அவையின் நேரத்தைக் கொள்ளையடிப்பவன் என்று கொள்ளலாம்.

1917-இல் வணிகக் கப்பல்களுக்கு ஆயுதம் கொடுக்கும் மசோதாவைச் சிலர் பேசியே சாகடித்தார்கள். அதிபர் வுட்ரோ வில்சன் கொதித்துப்போனார். சில நாட்களுக்குள் கிளோச்சர் என்ற விதி வந்தது: மூன்றில் இரண்டு பங்கு பேர் சம்மதித்தால் பேச்சை நிறுத்தலாம். 1975-இல் அது ஐந்தில் மூன்று பங்கானது. அதுதான் 60. கூடவே சத்தமில்லாமல் இன்னொன்றும் மாறியது. அதற்கு முன் பெரும்பாலான காலம் வந்திருந்து வாக்களித்தவர்களில் எத்தனை பங்கு என்பது கணக்கு. 1975 முதல் மொத்த உறுப்பினர்களில் எத்தனை பங்கு என்பது கணக்கு. இது சின்ன விஷயம் போலத் தெரியும். கொஞ்சம் பொறுங்கள், இதற்குத் திரும்ப வருகிறேன்.

இன்று ஃபிலிபஸ்டர் என்றால் யாரும் நின்று பேசுவதில்லை. எழுபதுகளில் செனட் இரட்டைத் தடம் போட்டுக்கொண்டது: ஒரு மசோதா முட்டிக்கொண்டு நின்றால் அதை ஓரமாக வைத்துவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கலாம். மற்ற வேலைகள் நிற்கக் கூடாது என்ற நல்லெண்ணத்தில் வந்த ஏற்பாடு. விளைவு, தடுப்பவருக்கு வேலையே இல்லாமல் போனது. ஒரு செனட்டரின் உதவியாளர் கட்சித் தலைமைக்கு மின்னஞ்சலில் ‘எங்கள் செனட்டருக்கு ஆட்சேபம் உண்டு’ என்று தெரிவித்தால் போதும். அதன்பின் பெரும்பான்மைத் தரப்புதான் ஓட வேண்டும். 16 பேரிடம் கையெழுத்து வாங்கி கிளோச்சர் தீர்மானம் கொடுக்க வேண்டும், நடுவில் ஒரு நாள் காத்திருக்க வேண்டும், 60 பேரைத் திரட்ட வேண்டும், அதற்கு மேலும் 30 மணி நேரம் வரை விவாதத்துக்கு விட வேண்டும். இது மசோதாவை எடுத்துக்கொள்ளலாமா என்பதற்கு மட்டும். மசோதாவை முடிக்க அதே சடங்கு இன்னொரு தடவை. 60 பேர் கையில் இருந்தாலே ஒரு வாரம் போய்விடும். நம் ஊர் நீதிமன்றத்தில் வாய்தா வாங்குவதற்காவது வக்கீல் நேரில் வந்து நிற்க வேண்டும். இங்கே அதுவும் வேண்டாம்.

சரி, இதை என்ன செய்யலாம்? இருப்பதை அப்படியே விடுவது, 51-க்கு இறங்குவது, தடுப்பவரைப் பழையபடி நின்று பேச வைப்பது, 60 திரட்டும் சுமையை மாற்றி 41 திரட்டும் சுமையாக்குவது, 60-இலிருந்து படிப்படியாக இறங்குவது. பேச்சில் அடிபடும் வழிகள் இவ்வளவுதான். வாக்குரிமை மாதிரி முக்கியமான சட்டங்களுக்கு மட்டும் விலக்கு கொடுக்கலாம் என்று ஒரு யோசனையும் உண்டு. அதில் நிற்க நேரமில்லை. எது முக்கியம் என்று தீர்மானிப்பது அன்றைய பெரும்பான்மை என்றால் அது பெயர் மாற்றிய 51-தான்.

இவற்றை எடைபோட ஒரே ஒரு நிபந்தனை வைத்துக்கொள்வோம். அடுத்த தேர்தலில் யார் ஜெயிப்பார் என்று தெரியாதவராக உங்களை நினைத்துக்கொள்ளுங்கள். தன் கட்சி ஆளும்போது 51 என்பதும், தோற்றதும் 60-க்குப் பூஜை போடுவதும் இரண்டு கட்சிகளும் ஐம்பது தடவை செய்த வேலை.

முதலில் இருப்பது இருக்கட்டும் என்பவர்களின் வாதம். ஜனநாயகக் கட்சி செனட்டர்களான ஜோ மான்சினும் கிர்ஸ்டன் சினிமாவும் 2022 ஜனவரியில் தங்கள் கட்சியையே எதிர்த்து நின்றபோது இதைத்தான் சொன்னார்கள். ஃபிலிபஸ்டர் விதியைத் தளர்த்தும் முயற்சி அன்று 48-க்கு 52 என்று தோற்றது. வாதம் இது: 51-இல் சட்டம் போட்டால் அடுத்து வருபவர் 51-இல் அதை எடுப்பார், நாடு இரண்டு வருடத்துக்கு ஒருமுறை திசை மாறும். 60 இருந்தால் எதிர்க்கட்சியில் நாலு பேரையாவது சேர்த்துக்கொண்டு சமரசமாக எழுத வேண்டிவரும். இதில் உண்மை இல்லாமல் இல்லை. இதே ஆயுதத்தை ஜனநாயகக் கட்சியும் தாராளமாகப் பிடித்திருக்கிறது. 2020 ஜூனில் குடியரசுக் கட்சியின் டிம் ஸ்காட் கொண்டுவந்த காவல்துறைச் சீர்திருத்த மசோதா 55 வாக்கு வாங்கியும் நின்றுபோனது அவர்களால்தான்.

ஆனால் மறுபக்கத்துக் கணக்கைப் பாருங்கள். பள்ளிக் குழந்தைகள் சுட்டுக் கொல்லப்பட்ட பிறகு, துப்பாக்கி வாங்குபவரின் பின்னணியைச் சோதிக்கும் விதியை விரிவாக்க 2013 ஏப்ரலில் மான்சின், டூமி என்ற இரு கட்சி செனட்டர்கள் சேர்ந்து கொண்டுவந்த திருத்தம் 54-க்கு 46. தோல்வி. 2021 மே 28 அன்று, நாடாளுமன்றக் கட்டடத்தின் மீதான ஜனவரி 6 தாக்குதலை விசாரிக்க ஆணையம் வேண்டுமா என்று கேட்டபோது 54-க்கு 35. அதுவும் தோல்வி. 35 பேர் 54 பேரைத் தோற்கடித்த அதிசயம் இங்கேதான் நடக்கும்.

இவை எல்லாவற்றையும் விட கனமான ஒன்று இருக்கிறது. கறுப்பின மக்களைக் கும்பலாகச் சேர்ந்து அடித்துக் கொல்வதைக் கூட்டாட்சிக் குற்றமாக்கும் மசோதா 1922-இல் பிரதிநிதிகள் சபையில் நிறைவேறியது. செனட்டில் தென் மாநிலத்தவர் பேசிக் கொன்றார்கள். அந்தக் குற்றத்துக்கென்று சட்டம் வந்தது 2022-இல். நூறு வருஷம். சிறுபான்மையைக் காக்கிறது ஃபிலிபஸ்டர் என்று யாராவது சொன்னால், எந்தச் சிறுபான்மை என்று கேட்கத் தோன்றுகிறது. அவையில் எண்ணிக்கை குறைந்தவர்களை அது காத்தது. வெளியே மரத்தில் தொங்கவிடப்பட்டவர்களை அல்ல.

இன்னொரு சங்கடமும் உண்டு. 5.8 லட்சம் பேர் வாழும் வயோமிங்குக்கு இரண்டு செனட்டர், 3.9 கோடிப் பேர் வாழும் கலிஃபோர்னியாவுக்கும் இரண்டே செனட்டர். சிறு மாநிலத்துக்குப் பாதுகாப்பு அவையின் அமைப்பிலேயே இருக்கிறது. அதன் மேல் 60 என்பது சட்டைக்கு மேல் கோட்டு, கோட்டுக்கு மேல் கம்பளி.

சரி, அப்படியானால் 51-க்கு இறங்கிவிடலாமா? இதற்கு ஊகம் வேண்டாம், பாதி சோதனை ஏற்கெனவே நடந்துவிட்டது. விதியை மாற்ற 67 பேர் வேண்டும் என்கிறது விதி. ஆனால் விதிக்கு அர்த்தம் சொல்ல 51 போதும். அவைத்தலைவர் ஒரு தீர்ப்புச் சொல்வார், பெரும்பான்மை எழுந்து அந்தத் தீர்ப்பு செல்லாது என்று வாக்களிக்கும். அன்றிலிருந்து அதுதான் முன்னுதாரணம். இந்தக் குறுக்குவழிக்கு அணுகுண்டு என்று அவர்களே பெயர் வைத்திருக்கிறார்கள். 2013 நவம்பர் 21 அன்று ஜனநாயகக் கட்சியின் ஹாரி ரீட் 52-க்கு 48 என்று அதைப் போட்டார்: உச்ச நீதிமன்றம் தவிர மற்ற நியமனங்களுக்கு இனி 51. எதிரே இருந்த மிட்ச் மெக்கானல், இதற்காக வருத்தப்படுவீர்கள், நீங்கள் நினைப்பதைவிடச் சீக்கிரமே வருத்தப்படுவீர்கள் என்றார். 2017 ஏப்ரலில் அதே மெக்கானல், அதே 52-க்கு 48 கணக்கில், உச்ச நீதிமன்றத்துக்கும் 51 போதும் என்று ஆக்கினார். அதன்பின் உச்ச நீதிமன்ற நீதிபதிகளாகக் கவனா 50-க்கு 48, ஏமி பாரெட் 52-க்கு 48. பாரெட்டுக்கு எதிர்க்கட்சியிலிருந்து ஒரு வாக்குகூட இல்லை. முன்பு நீதிபதிகள் ஸ்காலியா 98-க்கு 0 என்றும், கின்ஸ்பர்க் 96-க்கு 3 என்றும் உள்ளே போன அவை அது. சேர்ந்து முடிவெடுக்கும் கட்டாயம் போனதும் சேர்ந்து முடிவெடுக்கும் பழக்கமும் போய்விட்டது என்று எழுதத்தான் ஆசை. ஆனால் கட்சிகள் விலகிப் போனது முன்பே தொடங்கிவிட்டது. விலகல் முற்றியதால்தான் குண்டே போடப்பட்டது. எது காரணம், எது விளைவு என்று கத்தியால் வெட்டிப் பிரிக்க முடியவில்லை.

எனக்கு உறுத்துவது வேறு. ஆயுள் முழுக்க உட்காரப்போகும் நீதிபதிக்கு 51 போதும். அடுத்த தேர்தலில் வருபவர் ரத்து செய்துவிடக்கூடிய சட்டத்துக்கு 60 வேண்டும். கல்யாணத்துக்குச் சம்மதம் கேட்காமல் கல்யாணப் பந்தலுக்குச் சம்மதம் கேட்பது மாதிரி, எல்லாம் தலைகீழ்.

இதற்கு நடுவில் பணத்துக்கென்று ஒரு பக்கவாசல். 1974 பட்ஜெட் சட்டம் உருவாக்கிய ரீகன்சிலியேஷன் என்ற வழியில் போகும் மசோதாவை ஃபிலிபஸ்டர் செய்ய முடியாது. வரி, செலவு சம்பந்தப்பட்டதாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். அது சம்பந்தப்பட்டதுதானா என்று பார்த்துச் சொல்ல, யாரும் தேர்ந்தெடுக்காத ஓர் அதிகாரி: பார்லிமென்டேரியன். 2021-இல் குறைந்தபட்சக் கூலியை மணிக்கு 15 டாலராக்கும் பிரிவை அவர் இந்த வாசலில் அனுமதிக்கவில்லை. சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கவில்லை. அதே வாசலில்தான் 2017-இன் வரிக்குறைப்பும், 2021-இல் 1.9 லட்சம் கோடி டாலர் கோவிட் நிவாரணமும், 2025 ஜூலையில் டிரம்பின் பெரிய மசோதாவும் உள்ளே போயின. ஆக, வரிக்குறைப்பும் நீதிபதிகளும் முதல் ஆசையாக உள்ள கட்சிக்கு 60 ஒரு பெரிய தடையே இல்லை. வாக்குரிமை, தொழிற்சங்கம், குடியேற்றம் என்று சட்டம் எழுத ஆசைப்படும் கட்சிக்கு அது மதில். தூன் ஏன் அசையவில்லை என்பதற்குப் பாதி விடை இதில் இருக்கிறது என்று நினைக்கிறேன். மீதிப் பாதி, வேண்டாத மசோதாவைத் தடுத்த பழியை எதிர்க்கட்சி மேல் போடும் வசதி. இந்த வசதி எந்தப் பெரும்பான்மைக்கும் பிடிக்கும்.

நம்மவர்களுக்கு ஒரு சின்னத் தகவல். துளசேந்திரபுரத்தைத் தாய்வழிப் பூர்வீகமாகக் கொண்ட கமலா ஹாரிஸ் துணை அதிபராக இருந்தபோது, செனட்டில் வாக்குகள் சரிபாதியாகப் பிரிந்தால் சமநிலையை உடைக்கத் துணை அதிபருக்கு உள்ள உரிமையில் 33 முறை வாக்களித்தார். அது சாதனை எண்ணிக்கை. முந்தைய சாதனை 31, ஜான் கால்ஹூனுடையது. அடிமைமுறையின் பெரிய வக்கீல் அவர், பெரும்பான்மை முடிவைத் தடுக்கும் உரிமை தென் மாநிலங்களுக்கு உண்டு என்று வாழ்நாளின் பிற்பகுதியெல்லாம் வாதாடியவர். ஆனால் ஹாரிஸின் வாக்குகள் பலித்ததெல்லாம் நியமனம், பட்ஜெட் என்று 51 போதுமான வாசல்களில்தான். 60 கேட்கும் வாசலில் 50-க்கு 50 என்பது வெறும் தோல்வி. உடைக்கச் சமநிலையே இல்லை. கால்ஹூனின் எண்ணிக்கையை முந்திவிட்டார். அவருடைய கொள்கை மட்டும் 60 என்ற பெயரில் அப்படியே உட்கார்ந்திருக்கிறது.

51-க்கு எதிராக எனக்குள்ள பயத்தைச் சொல்ல வாஷிங்டன் போக வேண்டியதில்லை. 2020 செப்டம்பர் 20, நம் மாநிலங்களவை. வேளாண் மசோதாக்கள் அமளிக்கு நடுவே குரல் வாக்கெடுப்பில் நிறைவேறின. எண்ணி வாக்கெடுக்கச் சொன்ன எதிர்க்கட்சிகளின் கோரிக்கை எடுபடவில்லை. டெல்லி எல்லையில் ஒரு வருடத்துக்கு மேல் போராட்டம். 2021 நவம்பர் 29 அன்று ரத்து மசோதா, விவாதமே இல்லாமல், ஒரே நாளில் இரண்டு அவைகளையும் தாண்டியது. போட்டதும் பேசாமல், எடுத்ததும் பேசாமல். பெரும்பான்மைக்கு முடிவெடுக்கும் உரிமை உண்டுதான். ஆனால் நாலு நாள் பொறுத்துப் பதில் சொல்ல வைக்கும் கருவி ஒன்று எதிரே இருப்பவர் கையில் வேண்டும்.

அந்தக் கருவி பேச்சாகவே இருக்கட்டும் என்பவர்கள் பழைய காலத்தைக் காட்டுவார்கள். நிற்க முடிந்தவரை நின்று பேசு, முடியாதபோது உட்கார், வாக்கெடுப்போம். கேட்க அழகாக இருக்கிறது. 1957-இல் செனட்டர் ஸ்ட்ராம் தர்மண்ட், கறுப்பின மக்களுக்கான குடிமை உரிமைச் சட்டத்தை எதிர்த்து 24 மணி 18 நிமிடம் பேசினார். கழிப்பறைக்குப் போக நேரக் கூடாது என்று முன்கூட்டியே நீராவிக் குளியல் எடுத்து உடம்பிலிருந்த நீரை வற்றவைத்துக்கொண்டு வந்தாராம். அவசரத்துக்கு ஓர் உதவியாளர் பக்கத்து அறையில் வாளியோடு நின்றார். அவர் உட்கார்ந்து சில மணி நேரத்தில் சட்டம் நிறைவேறிவிட்டது. 2025-இல் கோரி புக்கர் 25 மணி 5 நிமிடம் பேசி அந்தச் சாதனையை உடைத்தார். அவர் தடுக்க முன்னால் மசோதாவே இல்லை. ஆக, வரலாற்றின் மிக நீளமான இரண்டு பேச்சுகளும் எதையும் தடுக்கவில்லை. தடுத்ததெல்லாம் வாயே திறக்காதவர்கள்.

டெக்சாஸ் மாநில செனட்டில் இன்னும் கறார். பேசுபவர் உட்காரக் கூடாது, மேசையில் சாயக் கூடாது, சாப்பிடக் கூடாது, தலைப்பை விட்டு விலகக் கூடாது. 2013 ஜூனில் வெண்டி டேவிஸ், கருக்கலைப்பைக் கட்டுப்படுத்தும் மசோதாவை எதிர்த்து, ரோஜா நிற ஓட்டக் காலணியோடு 11 மணி நேரத்துக்கு மேல் நின்றார். முதுகுக்குப் பட்டை கட்ட இன்னொருவர் உதவியதையே விதிமீறல் என்று எழுதிக்கொண்டார்கள். நள்ளிரவோடு கூட்டத்தொடர் முடிந்ததால் அன்று மசோதா செத்தது. ஆளுநர் மறுபடி கூட்டத்தைக் கூட்டினார், அடுத்த மாதமே நிறைவேறிவிட்டது.

இந்த வழியில் உள்ள உண்மையான ஓட்டை வேறு இடத்தில். தடுப்பவர்கள் சார்பில் ஒருவர் விழித்திருந்தால் போதும். கோரம், அதாவது அவை நடக்கத் தேவையான குறைந்தபட்ச ஆள் எண்ணிக்கை, இல்லை என்று அவர் எந்த நிமிடமும் குரல் கொடுக்கலாம் என்பதால், தடுக்கப்படுபவர்கள் 51 பேரும் ராத்திரி முழுக்கப் பக்கத்திலேயே கிடக்க வேண்டும். 1960-இல் குடிமை உரிமை மசோதாவின்போது அப்படித்தான் ஆனது. தென் மாநிலத்து 18 பேர் முறை வைத்துப் பேசிவிட்டு வீட்டுக்குப் போய்த் தூங்கினார்கள், மசோதாவை ஆதரித்தவர்கள் கட்டடத்துக்குள் மடக்குக் கட்டில் போட்டுப் படுத்தார்கள்.

1988 பிப்ரவரியில் நடந்தது இன்னும் கூத்து. தேர்தல் நிதி மசோதாவுக்காகப் பெரும்பான்மைத் தலைவர் ராபர்ட் பேர்ட் இரவுக் கூட்டம் நடத்தினார். எதிர்க்கட்சியினர் கோரத்தைக் கெடுக்க ஒளிந்துகொண்டார்கள். வராதவர்களைப் பிடித்துவரச் சொல்லி அவைக் காவலருக்கு உத்தரவு போனது. ஓரிகனைச் சேர்ந்த பாப் பாக்வுட் தன் அறையில் கதவுக்கு நாற்காலியை முட்டுக்கொடுத்து உட்கார்ந்திருந்தார். தள்ளித் திறந்ததில், ஏற்கெனவே அடிபட்டிருந்த விரலில் மறுபடி அடி. நடந்து வர மாட்டேன் என்றார். நடு இரவு தாண்டிய நேரத்தில் அமெரிக்க செனட்டர் ஒருவரைக் கால் முன்னே வர, கையில் தூக்கிக்கொண்டு வந்து அவையில் இறக்கினார்கள். மசோதா? எட்டு முறை கிளோச்சருக்கு முயன்றும் கிடைக்கவில்லை.

பேச்சு முறை பலித்த இடம் ஒன்று உண்டு, 1964. குடிமை உரிமைச் சட்டத்தை எதிர்த்து 60 வேலைநாட்கள் இழுத்தார்கள். அத்தனை நாளும் செனட் வேறு எதையும் பெரிதாகச் செய்ய முடியவில்லை, நாடே பார்த்துக்கொண்டிருந்தது. ஜூன் 10 அன்று கிளோச்சர் வாக்கெடுப்பு. அன்றைய கணக்கில் 67 வேண்டும். கலிஃபோர்னியாவின் கிளேர் எங்கிள் மூளைக் கட்டியால் பேச்சிழந்திருந்தார். சக்கர நாற்காலியில் தள்ளி வந்தார்கள். பெயர் வாசிக்கப்பட்டது. வாய் எழவில்லை. கையை மெல்ல உயர்த்தித் தன் கண்ணைத் தொட்டுக் காட்டினார். ஆங்கிலத்தில் ஆதரவு வாக்குக்குச் சொல்லும் சொல்லும் கண்ணும் காதுக்கு ஒன்றுதான். ஆதரவு என்று பதிந்தார்கள். 71-க்கு 29. ஜூலை முடிவதற்குள் அவர் இறந்துவிட்டார்.

ஆனால் அன்று பலித்தது பேச்சு அல்ல. தடுப்பது எல்லோர் கண்ணுக்கும் தெரிந்தது, தடுத்தவர்களுக்கும் களைப்பு இருந்தது, முடிவில் எல்லோரும் நேரில் வந்து நிற்க வேண்டியிருந்தது. இந்த மூன்றையும் வாளியும் நீராவிக் குளியலும் இல்லாமல் கொண்டுவர முடியுமா என்பதுதான் பார்க்க வேண்டியது.

முடியும். பேச்சை நிறுத்த 60 பேர் வேண்டும் என்பதைத் திருப்பிப் போடுங்கள்: பேச்சு தொடர 41 பேர் வேண்டும். எண்கணிதம் கிட்டத்தட்ட ஒன்றுதான், ஆனால் அவைக்கு ஓடி வர வேண்டியவர் மாறிவிடுகிறார். 1975-இல் மாறிய அந்தச் சின்ன விஷயத்துக்குத் திரும்ப வருகிறேன் என்றேன் அல்லவா? ஜனவரி 6 ஆணைய வாக்கெடுப்பை எடுத்துக்கொள்ளுங்கள். 54 ஆதரவு, 35 எதிர்ப்பு, 11 பேர் வரவேயில்லை. வராத 11 பேரும் இன்றைய விதிப்படி தடுத்தவர்கள் கணக்கில் சேர்ந்தார்கள். தடுக்க 41 வேண்டும் என்றிருந்தால் 35 போதாது. அவ்வளவு ஏன், வந்து வாக்களித்த 89 பேரில் ஐந்தில் மூன்று பங்கு என்று பழைய முறையில் எண்ணியிருந்தாலே 54 போதும். வெள்ளிக்கிழமை விமானம் பிடித்து ஊருக்குப் போனவர்கூட வரலாற்றை நிறுத்தும் விதி எந்தத் தத்துவத்திலும் அடங்காது. இதை மாற்றுவதற்கு எதிராக ஒரு நல்ல வாதம்கூட நான் இதுவரை கேட்டதில்லை.

ஆனால் 41 பேர் உறுதியாக வந்து உட்கார்ந்தால் தடை தடையாகவே இருக்கும். அதற்குத்தான் படி. ஐயோவாவின் டாம் ஹார்கின் 1995 ஜனவரியில் முன்வைத்தது: முதல் வாக்கெடுப்பில் 60 வேண்டும். கிடைக்காவிட்டால் சில நாள் கழித்து 57. அப்புறம் 54. கடைசியில் 51. சிறுபான்மைக்கு நேரம் கிடைக்கும், ஊரைக் கூட்டிச் சொல்ல வாய்ப்பு கிடைக்கும், நிரந்தரப் பூட்டு கிடைக்காது. பிரிட்டனில் பிரபுக்கள் சபைக்கும் இதே மாதிரிதான் 1911-இல் பல்லைப் பிடுங்கினார்கள்: சாதாரண மசோதாவைத் தாமதிக்கலாம், கொல்ல முடியாது. இன்றைய கணக்கில் அந்தத் தாமதம் ஒரு வருடம்.

ஹார்கினின் திட்டத்தில் எனக்கு ஒரு குறை உண்டு. அவர் படிகள் கிட்டக்கிட்ட இருந்தன. அவசரக்காரப் பெரும்பான்மை பத்துப் பதினைந்து நாளில் கீழே இறங்கிவிடும். படிக்குப் படி ஒரு மாதமாவது விட வேண்டும். ஒவ்வொரு படியிலும் எதிர்த்தரப்பின் சில திருத்தங்களை வாக்கெடுப்புக்கு விட்டே ஆக வேண்டும் என்பதையும் சேர்க்க வேண்டும். இப்போது எந்தக் கட்சி பெரும்பான்மையில் இருந்தாலும் அதன் தலைவர் திருத்தத்துக்கான எல்லா இடங்களையும் தானே நிரப்பிக்கொண்டு மற்றவர்களை அடைத்துவிடுகிறார். தடுப்பைத் தவிர வேறு வேலை இல்லாதவன் தடுக்கத்தான் செய்வான்.

அரசு முடக்கம் மாதிரி அவசரத்துக்கு மாதக்கணக்குப் படி சரிவராது என்று அக்கா மகன் சொன்னான். சரிதான். செலவு மசோதாக்களுக்குப் படிகள் நாள்கணக்கில் இருக்கட்டும். அவன் விமானம் மறுநாள் மதியம் கிளம்பியது.

என் வாக்கு 41-க்கும் நீண்ட படிக்கும். 51-ஐ உடனே கொண்டுவா என்றால் தயங்குவேன். இன்றைய 60 அப்படியே இருக்கட்டும் என்றால் ஒப்ப மாட்டேன். மேலே சொன்னவற்றில் அதுதான் மோசமானது, ஏனென்றால் தடுப்பது அதில் இலவசம்.

ஹார்கின் திட்டம் 76-க்கு 19 என்று ஓரம்கட்டப்பட்டது. அதை அவர் கொண்டுவந்த நேரம்தான் கவனிக்க வேண்டியது. இரண்டு மாதம் முன்புதான் அவருடைய ஜனநாயகக் கட்சி தேர்தலில் தோற்றுப் பெரும்பான்மையை இழந்திருந்தது. ஃபிலிபஸ்டர் அப்போதுதான் அவர்கள் கைக்கு வந்திருந்தது. செனட்டரின் பதவிக்காலம் ஆறு வருடம். இன்று நிறைவேற்றி, இப்போது உட்கார்ந்திருக்கும் 100 இடங்களும் ஒருமுறை தேர்தலைப் பார்த்த பிறகு அமலுக்கு வரும் என்று தேதி போட்டால், அப்போது யார் கை மேலே இருக்கும் என்று இன்று யாருக்கும் தெரியாது. அந்த ஒரு வரியோடு ஹார்கினின் காகிதத்தை மறுபடி மேசையில் வைத்தால், 19 பேரை விடக் கூடுதலாகக் கை தூக்குவார்கள் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.